நாற்காலிக்கு ஒரு துண்டு

உள்ள வரலாமா தம்பி? வேன் பதிய வந்த ஆளுன்னு நினைச்சிராதீங்க. வேன் ஏற்கெனவே பதிஞ்சாச்சு. மெட்ராஸுக்கு ஒரு நாள் டூர், பெண்கள் ஐக்கிய சங்கம்னு எழுதியிருப்பீங்க பாருங்க, அந்தச் சங்கந்தான் நாங்க. மெர்சி டீச்சர் பேர்ல இருக்கும். நான் அதுல ஒரு ஆள். ஞானதங்கம்னு பேர்.

டீச்சர் அனுப்பி வரலை. நான் இங்க வந்தது டீச்சருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். முழங்காலுக்கு எண்ணெய் வாங்கத் திசையன்விளைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எண்ணெயும் வாங்கிட்டேன். அதனால அது பொய்யில்லை.

டீ எல்லாம் வேண்டாம் தம்பி. சரி, சொல்லிட்டீங்க, சீனி கம்மியாப் போடச் சொல்லுங்க.

நெத்தியில திருநீறு பூசியிருக்கீங்க. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆறுதல். தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க சபை ஆளா இருந்தா இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க வேற சாமி கும்பிடுறவங்க. இங்க சொன்னது இங்கயே கிடக்கும்.

நீங்கதான வழி போடுறது? எங்க நிக்கணும், எங்க நிக்கப்படாதுன்னு உங்க கையிலதான இருக்கு? நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. தி.நகர்ல நிறுத்தாதீங்க.

சிரிக்காதீங்க தம்பி. எனக்கும் தெரியும். பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு மெட்ராஸுக்குப் போயிட்டு தி.நகர்ல நிறுத்தலைன்னா உங்க வேனைக் கொளுத்திருவாங்க. அதுக்குத்தான் ஒரு யோசனை வச்சிருக்கேன். பாலம் வேலை நடக்கு, வேன் உள்ள போகாதுன்னு சொல்லிருங்க. பொய் சொல்லச் சொல்லலை. அவ்வளவு பெரிய ஊர்ல எங்கயாவது பாலம் வேலை நடந்துக்கிட்டுத்தான இருக்கும்?

ஆதியில இருந்து சொல்லுதேன். அப்பத்தான் உங்களுக்கு மனசு இறங்கும்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ ஷீபா, தூத்துக்குடியில கட்டிக்குடுத்திருக்கு. இளையவன் எபனேசர். எபின்னு கூப்பிடுவோம். அவங்க அப்பா போனப்ப அவன் காலேஜ்ல படிச்சிக்கிட்டிருந்தான். எப்படியோ பி.காம் முடிச்சான். முடிச்சிட்டு கவர்மெண்டு பரீட்சை எழுதினான். எழுதினான், எழுதினான், எழுதிக்கிட்டே இருந்தான். எங்க சங்கத்துல சனிக்கிழமை தோறும் ஜெபக்கூட்டம். எல்லாக் கூட்டத்துலயும் எபிக்காக ஒரு ஜெபம் உண்டு. பரீட்சை அன்னைக்கு அத்தனை பேரும் பச்சத்தண்ணி குடிக்காம உபவாசம் இருந்தாங்க. செல்லக்கனின்னு ஒருத்தி, எனக்கு அடுத்த வீடு, அவளுக்குச் சுகர். அவளும் இருந்தா. மயக்கம் போட்டு விழுந்துட்டா. தண்ணி தெளிச்சு உட்கார வச்சா, முதல் வார்த்தை, "எபிக்குப் பேப்பர் ஈஸியா இருந்துச்சான்னு கேளுங்க"ங்கா. அப்படிப்பட்டவங்க தம்பி. ஒருத்தரைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்க சபையில சாட்சி சொல்லுறதுன்னு ஒண்ணு உண்டு. ஆண்டவர் நமக்கு ஒரு நன்மை செஞ்சா, எழுந்து நின்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். நமக்குள்ளயே வச்சிக்கிட்டா அது நன்றிகெட்டதனம்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கிட்டிருக்கேன், எபி போன் பண்ணுதான். மெட்ராஸ்ல ஒரு சிநேகிதன் ரூம்ல தங்கி வேலை தேடிக்கிட்டிருந்தான். "எம்மா, வேலை கிடைச்சிட்டு"ங்கான். பின்னால ஒரே இரைச்சல். "ஏசியில வேலைம்மா. சாப்பாடு, தங்குறது எல்லாம் அவங்களே குடுத்திருவாங்க"ங்கான். மீதி என் காதுல விழலை. அழுகை முட்டிக்கிட்டு வந்துட்டு. அப்படியே கூட்டத்துக்கு ஓடினேன். எழுந்து நின்னேன். "என் மகனுக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்சிட்டு, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்"னு சொன்னேன். இதுல எது பொய் தம்பி? ஒரு எழுத்து பொய் கிடையாது.

"கவர்மெண்டா?"ன்னு மெர்சி டீச்சர் கேட்டாங்க. நான் அழுதுக்கிட்டிருந்தேன். அழும்போது தலை ஆடுமா, ஆடாதா? ஆடிச்சு. அவ்வளவுதான் நான் செஞ்சது. அதை ஆமான்னு எடுத்துக்கிட்டாங்க. "மெட்ராஸ்ல கவர்மெண்டுன்னா கோட்டைதான்"னா செல்லக்கனி. கோட்டைங்கிற வார்த்தை என் வாயில இருந்து வரலை. செல்லக்கனி வாயில இருந்துதான் வந்துச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர் பிரசங்க மேடையில நின்னு அறிவிச்சிட்டாங்க. எங்க போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், அவங்க வீட்டம்மா ஐயரம்மா, நீங்க குழம்பிராதீங்க. தலைமைச் செயலகம்னு முழுசாச் சொன்னாங்க. எல்லாருக்கும் கேக்கும் மிச்சரும் குடுத்தோம். குடுத்து முடிச்ச பொறகுதான் எபி சாவகாசமாப் பேசுதான்.

ஜவுளிக்கடை தம்பி. தி.நகர்ல ஆறு மாடிக் கடை. சேலையைப் பிரிச்சிப் பிரிச்சிக் காட்டுற வேலை.

நான் என்ன செய்ய? சொன்ன சாட்சியைத் திருப்பி வாங்குற வழக்கம் எங்க சபையில இல்லை. அத்தனை பேரு பட்டினி கிடந்து கேட்டாங்க, ஆண்டவர் குடுக்கலைன்னு நான் எழுந்து நின்னு சொன்னா யாருக்கு அவமானம்? எனக்கா? அவருக்கு. அதுக்காகத்தான் வாயைத் திறக்கலை. எனக்காக இல்லை தம்பி. எனக்கென்ன இருக்கு.

டீ நல்லா இருக்கு.

அதுக்குப் பொறகு பரீட்சை எழுதுற பிள்ளைங்களை எங்கிட்ட கூட்டிட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க. ஞானதங்கம் தலையில கை வச்சு ஜெபிச்சா கவர்மெண்டு வேலை கிடைக்கும்னு ஒரு பேச்சு. நான் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன். ஜெபம் கேட்டு வர்ற பிள்ளையை வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்ப முடியுமா? அதுல ரெண்டு பேருக்கு நிஜமாவே கிடைச்சிட்டு தம்பி. ஒருத்தன் மின்சார வாரியம். ஜெபக்குழுவுக்கு என்னைத் தலைவியாப் போட்டுட்டாங்க. சால்வை எல்லாம் போர்த்தினாங்க. எனக்கு அதுல எல்லாம் ஆசை கிடையாது. முன் வரிசை நாற்காலியில உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன்.

எபி நல்ல பிள்ளை. கிறிஸ்துமஸ் வந்தா எனக்கு ஒரு சேலை அனுப்பிருவான். என் நிறத்துக்கும் என் உயரத்துக்கும் சொல்லி நெய்தது மாதிரி இருக்கும். கோயிலுக்குக் கட்டிட்டுப் போனா செல்லக்கனி முந்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பா. "கோட்டையில உட்கார்ந்து எழுதுற பையனுக்கு இவ்வளவு சேலை ஞானம் எங்க இருந்து வந்துச்சு மதினி?"ம்பா. "அவங்க அப்பா மாதிரி"ன்னு சொல்லிருவேன். அவங்க அப்பா என் கல்யாணத்துக்குப் பொறகு எனக்கு ஒரு சேலை கூட எடுத்துத் தந்ததில்லை. அது செல்லக்கனிக்கும் தெரியும். ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டா. நல்லவ.

"நீங்க எப்பம்மா இங்க வருவீங்க?"ன்னு வருசா வருசம் கேக்கான். ஜெபக்குழுவை விட்டுட்டு எப்படிப்பா வரன்னு நான் சொல்லிருவேன். நான் மெட்ராஸைப் பார்த்ததே இல்லை. பார்க்காட்டா என்ன குறைஞ்சு போச்சு?

இப்படி அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. இந்த வருசம் சங்கத்துக்குப் பொன்விழா. எங்கயாவது ஒரு நாள் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வருவோம்னு ஐயரம்மா ஆரம்பிச்சாங்க. கன்னியாகுமரின்னேன். "அது தினமும் பார்க்கிறதுதான"ங்காங்க. மதுரைன்னேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. மெட்ராஸ்! மெட்ராஸ்! எல்லாரும் ஒரே வாய்.

ஒரு நாள்ல என்னென்ன பார்க்கன்னு டீச்சர் கேட்டாங்க. கேட்டிருக்கவே கூடாது. ஐயரம்மாவுக்குச் சாந்தோம் கோயிலும் பரங்கிமலையும். டீச்சருக்கு எழும்பூர் மியூசியம். ஒருத்திக்கு மெட்ரோ ரயில்ல ஏறி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினாப் போதும். செல்லக்கனிக்கு ஏரோப்ளேன் இறங்குறதை அதோட வயிறு தெரியுற மாதிரி பக்கத்துல நின்னு பார்க்கணும். பரங்கிமலையில நின்னா தெரியும்னு யாரோ சொல்லிட்டாங்க. "அப்ப ஆண்டவருக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு"ங்கா. ஐயரம்மாவே சிரிச்சிட்டாங்க.

இவ்வளவும் ஒரு நாளைக்குக் கொள்ளாது, எதையாவது விடணும்னாங்க டீச்சர். மியூசியத்தை விட்டாங்க. மெரினாவை விடக்கூட ரெடி. "நம்ம மணப்பாட்டுல இல்லாத கடலா?"ங்காங்க. தி.நகரை மட்டும் ஒருத்தியும் விடலை. அதுலயும் அந்த ஆறு மாடிக் கடைதான். அங்க ஏறினா தரையில இருந்து மொட்டை மாடி வரைக்கும் சேலைன்னு கேள்விப்பட்டிருக்காங்க. நான் மெதுவா, "காஞ்சிபுரம் போனா தறியிலயே எடுக்கலாமே"ன்னேன். "தறியில தள்ளுபடி கிடையாது"ன்னு ஒருத்தி அடிச்சு உட்கார வச்சிட்டா.

அப்பந்தான் ஐயரம்மா எழுந்தாங்க. "எல்லாத்துக்கும் முன்னால கோட்டைக்குப் போகணும். நம்ம ஜெபத்துக்குக் கிடைச்ச பதில் அங்க உட்கார்ந்திருக்கு. எபியோட நாற்காலியைத் தொட்டு ஒரு ஜெபம் பண்ணிட்டு மத்ததைப் பார்ப்போம்"னாங்க.

அத்தனை பேரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாங்க தம்பி. பெருமையாப் பார்க்காங்கன்னு நினைச்சு நானும் சிரிச்சேன். "நீ ஏதாவது சொல்லணுமா ஞானதங்கம்?"னு டீச்சர் கேட்டாங்க. "ஒண்ணுமில்லை டீச்சர்"னேன். "யோசிச்சுச் சொல்லு"ன்னாங்க. எவ்வளவு மரியாதை பாருங்க. "யோசிக்க என்ன இருக்கு டீச்சர், உங்க இஷ்டம்"னு சொல்லிட்டேன். டீச்சர் நோட்டை மூடினாங்க. பொறகு பாட்டுப் பாட ஆரம்பிச்சிட்டாங்க.

அடுத்த கூட்டத்துல சனிக்கிழமை போவோம்னு நானே சொன்னேன். கோட்டைக்குச் சனிக்கிழமை லீவு, அதை மனசுல வச்சுத்தான். டீச்சர் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க, லீவு எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. "சனிக்கிழமை போனா எபி எப்படி ஆபீஸ்ல இருப்பான்? வெள்ளிக்கிழமை போவோம்"னாங்க. "வெள்ளிக்கிழமை உபவாசமாச்சே டீச்சர்." "வேன்ல இருந்துக்கிடலாமே"ங்காங்க ஐயரம்மா. "தி.நகர்ல உபவாசமா? அவ்வளவு சேலையையும் பார்த்துக்கிட்டு வெறும் வயித்தோட நின்னா நான் செத்தே போயிருவேன்"னு செல்லக்கனி கத்துதா. "அப்ப வியாழக்கிழமை." முடிஞ்சு போச்சு. நான் சும்மா இருந்திருந்தா லீவு நாள்லயே போயிருப்பாங்களோ என்னவோ. என் வாய்தான் எனக்குச் சத்துரு.

ஷீபாகிட்ட போன்ல அழுதேன். "ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிரும்மா"ங்கா. எந்த வார்த்தைன்னு அவ சொல்லித் தரலை. அவளுக்கென்ன, தூத்துக்குடியில இருக்கா.

எபிக்குப் போன் போட்டேன். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போடணும், மத்த நேரம் போனை வாங்கி வச்சிருவாங்களாம்.

"எபி, நாங்க மெட்ராஸ் வாரோம்டா"ன்னேன்.

"எம்மா! நிஜமாவா? நீங்களா?"ன்னு ஒரு சத்தம் போட்டான் பாருங்க, பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க என்னடான்னு கேக்கது எனக்கே கேட்டுச்சு. "எங்கம்மா வாராங்க"ன்னு அவங்ககிட்ட சொல்லுதான்.

"நான் மட்டும் இல்லைடா. சங்கம் முழுக்க வருது."

"செல்லக்கனி அத்தையுமா? போச்சு. அத்தை நூறு சேலையைப் பிரிக்க வச்சிட்டு, முதல்ல பார்த்ததையே எடுப்பா."

"விளையாடாத. அன்னைக்கு நீ லீவு போட்டிரு."

"கிறிஸ்துமஸ் கூட்டம்மா. லீவுன்னு கேட்டா சூப்பர்வைசர் என்னை மேலயும் கீழயும் பார்ப்பார்."

"அப்ப வேற மாடியில போய் நில்லு. கண்ணுல படாம இரு."

தட்டுல கரண்டி படுற சத்தம் மட்டும் கேக்கு. பொறகு சொன்னான், "எம்மா, நான் பட்டுல நிக்கேன். இவ்வளவு நாளும் காட்டன்ல நின்னேன், இப்பத்தான் பட்டுக்கு மாத்தியிருக்காங்க. பட்டைச் சும்மா யார் கையிலயும் குடுக்க மாட்டாங்கம்மா."

பட்டா இருந்தா என்ன, பருத்தியா இருந்தா என்ன தம்பி? நிக்கிறது நிக்கிறதுதான? எனக்கு இருந்த கலக்கத்துல, "உனக்கு உட்கார ஒரு நாற்காலியாவது உண்டாடா?"ன்னு கேட்டேன். ஒரு நாற்காலி இருந்தாலாவது, ஏதோ மேற்பார்வை பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தாலாவது, நான் ஒரு மாதிரி சமாளிச்சிருவேன். அவன் சிரிச்சான். "நாற்காலி, வர்றவங்க உட்காரத்தான்மா போட்டிருக்கு. உங்களுக்கு ஒண்ணு பிடிச்சு வைக்கேன்"ங்கான். மணியடிச்சிட்டுன்னு வச்சிட்டான்.

அதோட விட்டுச்சா? போன சனிக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டைக் கையில குடுத்தாங்க. இந்தா, பையில வச்சிருக்கேன், பாருங்க. வீட்டுல வைக்கப் பயமா இருக்கு, எங்க போனாலும் தூக்கிக்கிட்டே அலையுதேன். எவ்வளவு வெள்ளை பாருங்க. ஆபீசர்மாரு நாற்காலியில முதுகுப் பக்கம் போட்டிருப்பாங்கல்லா, அதுக்குத்தான். ஓரத்துல நீல நூல்ல பேர் போட்டிருக்கு பாருங்க, எபனேசர்னு. செல்லக்கனி தைச்சது. அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. "ஊசி ஒன்பது தடவை குத்திட்டு மதினி, என் ரத்தமும் இதுல இருக்கு"ன்னு விரலைக் காட்டுதா. "இதை நீயே வச்சிரு ஞானதங்கம். அங்க போய் உன் கையாலயே போடு"ன்னாங்க டீச்சர். நான் வாங்கிக்கிட்டேன். வாங்காம என்ன செய்ய?

நாற்காலி எங்க இருக்கு தம்பி? நான் இதை எங்க கொண்டுபோய்ப் போடுவேன்?

தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கேன். புயல் வரட்டும்னு ஜெபிச்சேன். பொறகு மீன்பிடிக்கப் போறவங்களை நினைச்சு அதை வாபஸ் வாங்கிட்டேன். வேன் பழுதாகட்டும்னு ஜெபிச்சேன், அது உங்க பிழைப்பு, அதையும் விட்டுட்டேன். யாருக்கும் கெடுதல் இல்லாம இந்த டூர் நிக்க என்ன வழின்னு எனக்குக் கேக்கத் தெரியலை. அதான் கடைசியா உங்ககிட்ட வந்து நிக்கேன்.

கோட்டைக்குள்ள அனுமதிச் சீட்டு இல்லாம விட மாட்டாங்கன்னு நீங்க சொல்லிரலாம். அது நிஜமும் கூட. அது ஒண்ணு தீர்ந்துச்சு. தி.நகர்தான். அந்தக் கடைக்காரங்க உங்களுக்கு வேண்டியவங்கன்னு கேள்விப்பட்டேன், வேன் கொண்டு போனா டிரைவருக்குச் சாப்பாடு எல்லாம் உண்டாமே. சரி, ஒரு தடவை தம்பி. இந்த ஒரு தடவை மட்டும் வேற கடைக்கு விடுங்க.

முடியாதா.

அப்ப இன்னொண்ணு கேக்கேன். என் பேரை அடிச்சிருங்க. முழங்கால் வலின்னு நான் கடைசி நேரத்துல சொல்லிருதேன். எண்ணெய்க் குப்பியைக் காட்டினா நம்பிருவாங்க. நான் இல்லாத இடத்துல என்ன நடந்தாலும் நடக்கட்டும். அவன் அவங்க முன்னால சேலையைப் பிரிச்சுத் தோள்ல போட்டுக் காட்டுறதை நான் உட்கார்ந்து பார்க்க முடியாது தம்பி. நான் பெத்த பிள்ளை.

ஏன் தம்பி என் பையையே பார்க்கீங்க?

பேரா? பையிலயா? இல்லையே. அவன் சேலை அனுப்புற பை எல்லாத்தையும் நான் பெட்டிக்கு அடியில மறைச்சு வச்சிருக்கேன். இது ஒண்ணுதான் நல்ல கனமான பை, வீணாப் போகுதேன்னு உள்பக்கத்தை வெளிய திருப்பித் தைச்சு வச்சிருக்கேன். எங்க, காட்டுங்க.

திருப்பித் தைச்சும் எழுத்து தெரியுதே.

கடைப் பேர் முழுசாத் தெரியுதே தம்பி. வெளிச்சத்துல பிடிச்சா தி.நகர்ங்கிறது கூடத் தெரியுது. இந்தப் பையிலதான் நான் கோயிலுக்குப் பாட்டுப்புத்தகம் கொண்டு போறேன். முன் வரிசையில. மடியில வச்சுக்கிட்டு.

என்ன சொல்லுதீங்க? டீச்சர் வந்தாங்களா? இங்கயா? திங்கக்கிழமையா? நான் அன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போனேனே, மருந்து வாங்கப் போயிருக்காங்கன்னு சொன்னாங்களே.

என்ன சொன்னாங்க? அவங்க சொன்னது மாதிரியே சொல்லுங்க.

கோட்டையை எடுத்துருங்கன்னா? அவங்களேவா? எடுத்துட்டு, அந்த நேரத்தையும் சேர்த்துக் கடையில போடச் சொன்னாங்களா. "பட்டு மாடியில எங்க பையன் ஒருத்தன் நிக்கான்"னு சொன்னாங்களா?

பட்டுன்னா சொன்னாங்க? பட்டு மாடின்னே சொன்னாங்களா?

அவனே போன் பண்ணினானாமா? எங்கம்மாவை எப்படியாவது கூட்டிட்டு வந்திருங்க டீச்சர்னு. அவங்ககிட்டதான் அவன் அஞ்சாம் வகுப்பு படிச்சான். என்கிட்ட சொல்லாததை அவங்ககிட்ட சொல்லியிருக்கான். "கடைசி நேரத்துல அந்த அம்மா வராம இருக்க ஏதாவது காரணம் சொல்லுவாங்க, பேரை மட்டும் எடுத்திராதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்களா. அதான் நான் வந்ததுல இருந்து நீங்க என்னை அப்படிப் பார்த்தீங்களா? டீ வாங்கிக் குடுத்ததும் அதுக்குத்தானா?

அப்ப எல்லாருக்கும் தெரியும். ஐயரம்மாவுக்கு? தெரியும்தான? அன்னைக்கு எல்லாரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாங்களே. நான் சிரிச்சேனே தம்பி. செல்லக்கனிக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும், அவ முந்தியைத் தொட்டே சொல்லிருவா எந்தக் கடைன்னு. தெரிஞ்சுக்கிட்டா பிள்ளைங்களை என்கிட்ட ஜெபத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க? தெரிஞ்சுக்கிட்டா வாரா வாரம், "மெட்ராஸ்ல இருக்கிற எபியை ஆசீர்வதியும்"னு ஜெபிச்சாங்க? கோட்டைன்னு சொல்ல மாட்டாங்க தம்பி, இப்பத்தான் நினைவு வருது. மெட்ராஸ்ல இருக்கிற எபின்னுதான் சொல்லுவாங்க. கோட்டைன்னு என் ஜெபத்துல மட்டுந்தான் வரும்.

இல்லை, தண்ணி வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கேன்.

என் பேரை அடிச்சிட்டீங்களா? அடிக்கலையா. சரி. அடிக்கணும்னா அடிங்க. வேண்டாம், இருங்க. நீங்களே ஒண்ணு செய்யுங்க. சன்னல் ஓரமாவா? டீச்சர் அதையும் சொல்லியிருக்காங்களா, எனக்கு வேன்ல வாந்தி வரும்னு. அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

அங்க வேலை பார்க்கிறவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க தம்பி, நீங்க பார்த்திருப்பீங்களே? காலையில இருந்தேவா? சாயங்காலம் கூட்டம் வந்தா தண்ணி குடிக்கவாவது விடுவாங்களா? கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. நாற்காலி உண்டான்னு கேட்டேன், கால் வலிக்குதான்னு கேக்கலை.

வாரேன் தம்பி. என் பஸ் வந்துட்டு. இல்லை, அது வேற பஸ்ஸு.

ஒண்ணே ஒண்ணு. இந்தத் துண்டைக் குடுக்கும்போது டீச்சர் நாற்காலின்னு ஒரு வார்த்தை சொல்லலை. இப்ப நினைச்சுப் பார்க்கேன், சொல்லவே இல்லை. உன் கையாலயே போடுன்னுதான் சொன்னாங்க. நாற்காலின்னு நானா நினைச்சுக்கிட்டேன். அவனுக்கு நாற்காலி கிடையாதுன்னு தெரிஞ்சு வாங்கியிருக்காங்க, செல்லக்கனி தெரிஞ்சு பேர் தைச்சிருக்கா. அப்ப இதை எங்க போடச் சொல்லுதாங்க?

தோள்லயா? எனக்குச் சால்வை போர்த்தின மாதிரியா?

அவ்வளவு பேர் முன்னாலயா தம்பி? கடையில வச்சா?